மலிவு பிரஸ் போதும், தராசில் கஞ்சம் வேண்டாம்

கேள்வி: டெக்சஸில் கிரீன் கார்டில் இருக்கிறேன். வார இறுதியில் ரேஞ்சுக்குப் போய் .38 ஸ்பெஷல் ரிவால்வரில் சுடுவேன். தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை; வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்ளலாம் என்று, சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகளை, அதாவது கேஸ்களை, சேர்த்து வைத்திருக்கிறேன். நூறு டாலருக்குள் ஒரு ‘சி’ வடிவப் பிரஸ்ஸும் (கைப்பிடியால் அழுத்தும் கருவி), தனியாக அதில் மாட்டும் ஒரு கார்பைடு டை செட்டும் (கேஸை வடிவுக்குக் கொண்டுவரும் அச்சுகள்) வாங்கிவிட்டேன். எழுதும் மேசையில் மாட்டினால் மேசையே தூக்கிக்கொண்டு வருகிறது. ரேஞ்சில் ஒரு பெரியவர், “இது பொம்மை, நல்லதாக வாங்கு” என்கிறார். இதை வைத்தே தொடங்கலாமா? வேறென்ன வேண்டும்?

பதில்: தாராளமாகத் தொடங்கலாம். ரிவால்வர் கேஸ் சின்னது; சுட்டபின் விரிந்ததைப் பழைய அளவுக்கு நெரிக்கப் பெரிய பலம் வேண்டாம். .30-06 மாதிரி நீளமான ரைஃபிள் கேஸை நெரிக்கும்போதுதான் ‘சி’ சட்டம் லேசாக வாய் திறக்கும். அதற்குத்தான் ‘ஓ’ வடிவ வார்ப்பிரும்புப் பிரஸ். பின்னால் அது தேவைப்பட்டாலும் இப்போது வாங்கிய டை வீணாகாது. லீ, ஆர்சிபிஎஸ், ஹார்னடி எல்லாருடைய வழக்கமான டையும் 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. கேஸின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரின் எண்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: .38 ஸ்பெஷலுக்கு லீயில் 1, ஆர்சிபிஎஸ்ஸில் 6.

சட்ட விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப ஃபெடரல் உரிமம் தேவையில்லை. விற்கத் தொழிலாக இறங்கினால் உரிமம் வேண்டும். நீங்கள் கிரீன் கார்டு என்பதால் பிரச்சினை இல்லை. ஆனால் எச்-1பி போன்ற விசாவில் இருக்கும் நண்பருக்கு நாலு தோட்டா கொடுத்து வைக்காதீர்கள். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அந்த விசாக்காரர் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம். ஊருக்குப் போகும்போது இந்தப் பழக்கத்தை டெக்சஸிலேயே விட்டுவிட்டுப் போங்கள். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

சரி, மேசைக்கு வருவோம். குற்றம் பிரஸ்ஸில் இல்லை, மேசையில்தான். தூள் பலகையில் செய்த எழுதும் மேசை இந்த வேலைக்கு ஆகாது. இரண்டு அங்குல கனத்தில் ஓரடி அகலப் பலகை ஒன்றை வாங்கி, பிரஸ்ஸை அதன் விளிம்பில் வைத்து, துளையிட்டு, அடியில் பெரிய வாஷர் கொடுத்து, நட்டு போல்ட்டால் இறுக்குங்கள். மர ஸ்க்ரூ ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும். பலகையைக் கனமான ஒரு மேசையில் இரண்டு ‘சி’ கிளாம்ப் போட்டுப் பிடித்தால் போதும். வேலை முடிந்ததும் கழற்றி அலமாரியில் வைக்கலாம். நான் முதல் இரண்டு வருடம் சமையலறை மேடையில்தான் மாட்டினேன். அது தவறு. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மாட்டியதும் கேஸ்களைப் பிரியுங்கள். ரேஞ்சில் பொறுக்கியதில் .357 மேக்னம் கேஸ் கட்டாயம் கலந்திருக்கும். அடிப்பாகம் ஒன்றுதான், ஷெல் ஹோல்டரிலும் உட்காரும். ஆனால் நீளம் 1.290 அங்குலம். .38 ஸ்பெஷல் 1.155. அடியில் பொறித்த எழுத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். அலுமினியக் கேஸ், காந்தம் ஒட்டும் எஃகுக் கேஸ், வாயில் கீறல் விட்டது எல்லாம் குப்பைக்கு. உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள்: நடுவில் ஒரு துளை இருந்தால் பாக்ஸர் வகை, நமக்கு ஆகும். ஓரமாக இரண்டு பொடித் துளை இருந்தால் பெர்டான். அதில் டையின் ஊசி உடையும். இவற்றைக் கண்டுபிடித்தவர்களில் பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டான் அமெரிக்கர். ஆனால் அமெரிக்காவில் ஓடுவது பாக்ஸர் வகைதான்!

முதல் டையைப் பொருத்தும் முறை இது. ஷெல் ஹோல்டரை மாட்டி, கைப்பிடியை முழுக்க இறக்கினால் ராம், அதாவது ஷெல் ஹோல்டரை ஏந்தும் தண்டு, உச்சிக்கு வரும். டையைக் கையால் திருகிக்கொண்டே போய், ஷெல் ஹோல்டரைத் தொட்டதும் நிறுத்தி, ஒரு காகிதம் நுழையும் அளவு பின்னுக்குத் திருப்பி லாக் ரிங்கை இறுக்குங்கள். கார்பைடு வளையம் கடினமானது, ஆனால் கண்ணாடி மாதிரி. ஷெல் ஹோல்டர் ஓங்கி இடித்தால் விரிசல் விடும். கார்பைடு என்பதால் கேஸுக்கு எண்ணெய் தடவ வேண்டாம். இந்த டை கேஸை நெரிப்பதோடு, அடியில் இருக்கும் பழைய பிரைமரையும் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தள்ளிவிடும். இரண்டாவது டை கேஸ் வாயை லேசாக மலர்த்தும். குண்டின் அடி விழாமல் உட்காரும் அளவுக்கு மலர்ந்தால் போதும். ஆசைப்பட்டு அகட்டினால் நாலைந்து முறையில் வாய் கிழியும்.

மூன்றாவது டைதான் புதியவர்களைக் குழப்பும், ஏனென்றால் அது இரண்டு வேலை செய்கிறது. நடுத்தண்டு குண்டை உள்ளே அழுத்தும். டையின் உடல் கேஸ் வாயை மடித்துப் பிடிக்கும். இரண்டையும் ஒரே அழுத்தில் செய்யப் பார்க்காதீர்கள். முதலில் உடலை அரைச்சுற்று மேலே வைத்து எல்லாக் குண்டையும் அழுத்தி முடியுங்கள். தோட்டாவின் மொத்த நீளம் தோட்டா நிரப்பும் கையேடு சொல்கிறபடி, அதிகபட்சம் 1.550 அங்குலத்தைத் தாண்டாமல், வெர்னியர் வைத்துப் பாருங்கள். அப்புறம் தண்டை மேலே ஏற்றிவிட்டு, உடலை இறக்கி, வாய் குண்டின் பள்ளத்துக்குள் மடியும்படி இன்னொரு சுற்று ஓட்டுங்கள். நேரம் கூடுதல்தான். ஆனால் சப்பையான கேஸ் ஒன்றுகூட வராது.

பிரைமர் என்பது தீபாவளிக்குச் சிறுவர்கள் வெடிக்கும் கேப்பின் அண்ணன். அடிபட்டால் வெடிக்கும், எண்ணெய் பட்டால் வெடிக்காமலே போகலாம். .38 ஸ்பெஷலுக்கு ஸ்மால் பிஸ்டல் பிரைமர். கையால் அழுத்தும் சிறு கருவி ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். உட்கார்ந்ததா இல்லையா என்று விரல் சொல்லும். பிரைமர் கேஸின் அடிமட்டத்திலிருந்து ஒரு மயிரிழை உள்ளே இருக்க வேண்டும். விரலால் தடவி, தட்டுப்பட்டால் அந்தக் கேஸை ஒதுக்குங்கள். மருந்து போட்டபின் மறுபடி அழுத்தாதீர்கள்.

இனி மருந்து. பிரஸ்ஸில் மிச்சம் பிடித்த பணத்தை இங்கே போடுங்கள். மருந்தைக் கிரெயினில் நிறுப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். ஒரு கிரெயின் ஏறக்குறைய 65 மில்லிகிராம், குன்றிமணி எடையில் பாதி. .38 ஸ்பெஷலுக்குச் சில கிரெயின் மருந்தே தேவை. பத்தில் ஒரு கிரெயின்வரை ஒழுங்காகக் காட்டும் தராசும், அதைச் சோதிக்க ஒரு எடைக்கல்லும் இல்லாமல் டப்பாவைத் திறக்க வேண்டாம். உங்கள் டை செட்டோடு கரண்டி வந்திருந்தால், அது கொள்ளளவுக்குத்தான். ஒவ்வொரு தடவையும் தராசில் சரிபாருங்கள். ஃபேன், ஏசி காற்று பட்டால் முள் ஆடும்.

.38 ஸ்பெஷல் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், கரி மருந்துக் காலத்தின் வாலில் வந்த தோட்டா. கேஸ் கரி மருந்துக்காகப் பெரிதாக இருக்கிறது. இன்றைய புகையில்லா மருந்து சிறிதளவே வேண்டும். அதனால் கேஸில் பெரும்பகுதி காலியாகக் கிடக்கும். வேகமாக எரியும் மருந்தைத் தவறுதலாக இரண்டு தடவை போட்டாலும் வழியாது, குண்டு அழகாக மேலே உட்கார்ந்துவிடும். அது சிலிண்டரைப் பிளக்கும். அதனால் முதல் மருந்தை, கையேட்டில் உள்ளவற்றில் பருமனாக, கேஸை அதிகம் நிரப்பும் வகையாகத் தேர்ந்தெடுங்கள். யூனிக் என்ற மருந்து அப்படிப்பட்டது. அளவை நான் சொல்ல மாட்டேன். லைமன், ஹார்னடி போன்றோரின் அண்மைக் கையேட்டில், உங்கள் குண்டுக்கு உரிய தொடக்க அளவைப் பாருங்கள். அதிகபட்சத்தில் தொடங்கக் கூடாது. தொடக்க அளவுக்குக் கீழேயும் போகக் கூடாது, குண்டு துப்பாக்கிக் குழாயில் நின்றுவிடும்.

நான் செய்வது இது. ஐம்பது கேஸையும் கட்டையில் தலைகீழாக நிறுத்துவேன். ஒன்றை எடுத்து மருந்து போட்டு, நிமிர்த்தி வைப்பேன். தலைகீழாக நிற்பது காலி, நிமிர்ந்தது நிரம்பியது. ஐம்பதும் முடிந்ததும் மேலிருந்து டார்ச் அடிப்பேன். உள்ளே தெரியும் மட்டம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று உயரமாகவோ பள்ளமாகவோ இருந்தால் அதைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவேன். ஒருமுறை இந்த டார்ச் அடிக்கும் நேரத்தில் போன் வந்தது. பேசிவிட்டு வந்து குண்டை உட்காரவைத்துவிட்டேன். மறுநாள் ரேஞ்சில் ‘டமார்’ என்பதற்குப் பதில் ‘பொத்’ என்றது. கையில் உதைப்பும் இல்லை. நல்லவேளை, அடுத்த விசையை அழுத்தவில்லை. குழாயின் நடுவே ஒரு குண்டு சிக்கியிருந்தது. பின்னால் இன்னொன்று போயிருந்தால் குழாய் பிளந்திருக்கும். ‘பொத்’ கேட்டால் நிறுத்துங்கள், இறக்குங்கள், குழாய்க்குள் பித்தளைக் குச்சியை விட்டுப் பாருங்கள்.

மேசையில் ஒரு மருந்து டப்பா மட்டும் இருக்க வேண்டும். வேறு டப்பாவில் கொட்டி வைக்கக் கூடாது. வீட்டில் எவ்வளவு வைக்கலாம் என்பது உள்ளூர் தீயணைப்பு விதி. பல ஊர்கள் பின்பற்றும் என்எஃப்பிஏ (அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம்) விதி அசல் டப்பாவில் 20 பவுண்டு மருந்து, பத்தாயிரம் பிரைமர் என்கிறது. ஆன்லைனில் வாங்கினால் அபாயப் பொருள் கட்டணம் தனி. ஒரு பவுண்டுக்கு உள்ளூர்க் கடையே லாபம்.

சமையலறையை ஏன் தவறு என்றேன்? பிரைமர் எச்சத்திலும் கேஸ் தூசியிலும் ஈயம் இருக்கும். சாப்பிடுகிற இடத்தில் இதைச் செய்யக் கூடாது, குழந்தை இருந்தால் சொல்லவே வேண்டாம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கேஸைச் சுத்தம் செய்யும்போது உலர்வாக உருட்டாமல் தண்ணீரில் கழுவுங்கள்.

மிச்சம் பிடிக்கலாம் என்று இறங்கியவர்கள் பெரும்பாலும் முன்னைவிட அதிகம் சுடுவார்கள், பணம் அங்கேயே போகும். ஆனால் .38 ரிவால்வரில் ஒரு சௌகரியம்: கேஸ் சிலிண்டரிலேயே இருக்கும், தரையில் பொறுக்க வேண்டாம்.

முதல் தடவை ஐம்பது வேண்டாம், பத்து மட்டும் செய்யுங்கள். சுட்டபின் கேஸ் சிலிண்டரிலிருந்து வழுக்கி வருகிறதா, பிரைமர் தட்டையாக நசுங்கியதா என்று பாருங்கள். பெட்டியின் மேல் மருந்துப் பெயர், அளவு, குண்டு எடை, பிரைமர், தேதி எழுதி ஒட்டுங்கள். யாராவது “ரெண்டு குடு, சுட்டுப் பார்க்கிறேன்” என்றால் கடைத் தோட்டாவைக் கொடுங்கள்.