ஸ்டியரிங் பட்டன் வேலை செய்யவில்லையா? ஹாரன் அடித்துப் பாருங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து: அண்ணா, ஸ்டியரிங்கில் இருக்கும் ஆடியோ பட்டன் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. ஸ்டீரியோவில் நேராக வைத்தால் நன்றாகப் பாடுகிறது. சுவிட்ச் செட்டை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றட்டுமா?

காசை எடுக்காதீர்கள் தம்பி. ஹாரன் அடிக்கிறதா? மீட்டரில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிகிறதா? எல்லாம் சேர்ந்து படுத்திருந்தால் கிளாக் ஸ்பிரிங் மீதுதான் முதல் சந்தேகம். ஸ்டியரிங்குக்கு அடியில், தட்டை ஒயரைச் சுருட்டி வைத்த பிளாஸ்டிக் டப்பா அது. பெரும்பாலான கார்களில் பட்டன், ஹாரன், ஏர்பேக் மூன்றுக்கும் ஒயர் போகும் வழி அதுதான். ஹாரனும் விளக்கும் ஒழுங்காக இருந்தால் பட்டனுக்கு வரும் எர்த்தையும், ஸ்டீரியோவின் பின்பக்கக் கப்ளரையும் (ஒயர் செருகும் இணைப்பு) பாருங்கள். சமீபத்தில் யாராவது ஸ்டீரியோவைக் கழற்றி மாட்டினார்களா? அப்படியானால் அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.

காசிமேட்டிலிருந்து: வால்யூம் கூட்டினால் பாட்டு மாறுகிறது. பேயா?

பேய் இல்லை, உப்புக்காற்று! நிறைய கார்களில் எல்லா பட்டனுக்கும் ஒரே ஒயர்தான். ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனி ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்தடை. அந்த அளவை வைத்துத்தான் எதை அமுக்கினீர்கள் என்று ஸ்டீரியோ கண்டுபிடிக்கிறது. உள்ளே பச்சை பூத்தால் அளவு ஏறி, பக்கத்துப் பட்டனின் எண்ணுக்குப் போய்விடும். சுவிட்சைத் தனியாகக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, பட்டனை அமுக்கிப் பிடியுங்கள். எண் ஓரிடத்தில் நிற்க வேண்டும். ஆடினாலோ, ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டினாலோ கான்டாக்ட் அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தாலே பல நேரம் சரியாகிவிடும். பெட்ரோல் மட்டும் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும்.

மணலியிலிருந்து: நேராகப் போனால் பட்டன் வேலை செய்கிறது, இடதுபக்கம் ஒடித்தால் நின்றுவிடுகிறது.

கிளாக் ஸ்பிரிங் ரிப்பன், அதாவது அந்தத் தட்டை ஒயர், உள்ளே விரிசல் விட்டிருக்கிறது. மல்டிமீட்டரே தேவையில்லை. ஒட்டுப் போட்டு ஓட்டாதீர்கள், ஏர்பேக் கனெக்ஷனும் அதில்தான் போகிறது.

வியாசர்பாடியிலிருந்து: புது ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போட்டதிலிருந்து பட்டன் செத்துவிட்டது.

சாகவில்லை, சொல்லிக்கொடுக்கவில்லை. ஸ்டீரியோவின் கீ1, கீ2 ஒயர்களை ஸ்டியரிங் பட்டன் ஒயரோடு சேர்த்து, செட்டிங்கில் ஸ்டியரிங் கற்றல் பகுதிக்குப் போய் ஒவ்வொரு பட்டனாகப் பதியவையுங்கள். சாவியை எடுத்தால் கடிகார நேரமும் சேர்ந்து மறந்துபோனால், எப்போதும் கரண்ட் இருக்க வேண்டிய மஞ்சள் ஒயரை, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனில் கொடுத்திருப்பார்கள். பட்டன் தகவல் டிஜிட்டல் சிக்னலாகப் போகும் கேன் பஸ் வண்டி என்றால், அதை ஸ்டீரியோவுக்குப் புரியவைக்கத் தனி டீகோடர் பெட்டி வேண்டும்.

திருவொற்றியூரிலிருந்து: நானே வீட்டில் கழற்றலாமா? புதுப்பேட்டையில் பழைய கிளாக் ஸ்பிரிங் மலிவாகக் கிடைக்கிறதே?

ஸ்டீரியோ பக்கம் தாராளமாக. ஏர்பேக்கைக் கழற்றுவது தெரிந்தவர் வேலை அக்கா. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, வண்டிக் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்துதான் கை வைக்க வேண்டும். ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளரில் மல்டிமீட்டர் முனையை வைக்கவே கூடாது, அந்தச் சின்னக் கரண்டிலேயே பை வெடிக்கலாம். பழைய பாகம் வேண்டாம். யாராவது அதைச் சுற்றி விளையாடியிருந்தால் ரிப்பன் நடுநிலையிலிருந்து (சென்டர்) விலகிப் போயிருக்கும். அப்படியே மாட்டினால் முழுசாக ஒரு யு-டர்ன் அடிக்கும்போது ரிப்பன் அறுந்துவிடும். புதிதாக வாங்கினாலும் டயர் நேராக இருக்கும்போது மாட்டச் சொல்லுங்கள், அதன் பூட்டு ஸ்டிக்கரைக் கடைசியில் பிரிக்கட்டும்.