வினாக்கொத்துக்கு முன் வினா

மதிப்புக்குரிய ஐயா,

நான் கொழும்பு வடக்கில் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. கல்வியியல் முதுமாணிப் பட்டத்துக்காக, எங்கள் பிள்ளைகள் அடிக்கடி பாடசாலைக்கு வராமலிருப்பதைப் பற்றி ஆய்வு செய்கிறேன். பெற்றோரின் அசிரத்தையே இதற்குக் காரணம் என்பது என் கருதுகோள். 42 கேள்விகளுடன் ஒரு வினாக்கொத்தைத் தயாரித்து அச்சுக்கும் கொடுத்துவிட்டேன்.

சென்ற மாதம் வீட்டில் ஒரு விசேஷத்துக்கு உறவினர்கள் கூடியிருந்தார்கள். என் மாமா வெளிநாட்டில் பௌதிகவியல் ஆய்வாளர், அக்கா மருத்துவர், அத்தான் சட்டத்தரணி. என் ஆய்வைப் பற்றிச் சொன்னதும் மாமா, "அது ஆய்வில்லை, நாலு பேரிடம் அபிப்பிராயம் கேட்பது" என்றார். அக்காவும் அத்தானும் மறுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து எழுதவே மனம் வரவில்லை. கல்வி ஆய்வு உண்மையில் விஞ்ஞானமாகுமா? தமிழில் எழுதினால் எவராவது மதிப்பார்களா? 120 பெற்றோரிடம் தகவல் பெற்றால் போதுமா?

அன்புடன்,
க., கொட்டாஞ்சேனை

அன்புள்ள தங்கைக்கு,

முதல் வாசிப்பில் உங்கள் மாமாவின் மீது கோபம் வந்தது. மறுபடி வாசித்தபோது உங்கள் மீதும் வந்தது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

120 பேர் போதுமா என்பதை உங்கள் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். எதைக் கேட்கப்போகிறோம் என்பது தெளியாதவரை, எத்தனை பேரிடம் கேட்பது என்பதற்கு எவராலும் விடை சொல்ல முடியாது. தமிழைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன்: 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் உடற்கூற்றியலையும் இரண வைத்தியத்தையும் தமிழில் நூலாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கல்வி ஆய்வு விஞ்ஞானமாகுமா என்ற கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுதவைத்தது.

காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளாக நான் முதுமாணி ஆய்வேடுகளுக்கு மொழி திருத்திக் கொடுத்துவருகிறேன். வரவின்மை, இடைவிலகல், கணிதத்தில் குறைந்த அடைவு என்று தலைப்பு எதுவானாலும், 'பெற்றோரின் அசிரத்தை' என்ற தொடர் முதல் அத்தியாயத்தில் கருதுகோளாக உள்ளே நுழைகிறது. கடைசி அத்தியாயத்தில் முடிவாக வெளியே வருகிறது. இடையிலுள்ள நூறு பக்கங்களில் அதை எதிர்த்து ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கு மட்டும் கூலி வாங்கியவன் என்பதால் நானும் பேசாமல் இருந்துவந்தேன். உங்கள் கடிதத்திலும் அதே தொடரைக் கண்டபோது, இனிப் பேசாமலிருப்பது தவறு என்று தோன்றியது.

உங்கள் மாமாவின் துறையிலிருந்து தொடங்குகிறேன். துகள் பௌதிகவியலில் புதிய கண்டுபிடிப்பு என்று அறிவிப்பதற்கு ஐந்து சிக்மா என்ற அளவுகோலை வைத்திருக்கிறார்கள். புதிய துகள் எதுவுமே இல்லாத நிலையில் அவ்வளவு பெரிய சமிக்ஞை தற்செயலாகத் தோன்றுவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 35 இலட்சத்தில் ஒன்று. இந்தக் கடுமையை வைத்துத்தான் உங்கள் மாமா பேசியிருக்க வேண்டும். ஆனால் 2011 செப்டெம்பரில், ஜெனீவாவுக்கு அருகிலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ வரை ஏறக்குறைய 730 கிலோமீற்றர் நிலத்தினூடாகச் சென்ற நியூத்திரினோக்கள் என்ற நுண்துகள்கள், ஒளி எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட 60 நனோசெக்கன் முந்தி வந்துவிட்டதாக ஓப்பெரா என்ற பரிசோதனைக் குழு அறிவித்தது. அது ஆறு சிக்மா. தற்செயல் என்று சொல்லவே இடமில்லை. அடுத்த ஆண்டு பார்த்தால், ஒளியிழை வடமொன்று சரியாக இறுக்கிப் பொருத்தப்படாமல் இருந்திருக்கிறது. பிழையின் பெரும்பகுதி அதிலிருந்துதான் வந்தது. அந்த ஆய்வாளர்களை நான் மதிக்கிறேன். மாதக்கணக்காகத் தாங்களே பிழை தேடிப் பார்த்து, அகப்படாதபோது, எங்கே தவறியிருக்கிறோம் என்று கண்டு சொல்லுங்கள் என உலகத்தைக் கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கோரிக்கைதான் ஆய்வு. சிக்மாவின் எண்ணிக்கை அதற்கு ஈடாகாது.

அக்காவின் துறையும் அத்தானின் துறையும் ஒன்றாகச் சறுக்கிய கதை இதைவிடத் துயரமானது. இங்கிலாந்தில் ஸாலி கிளார்க் என்ற பெண்ணின் இரண்டு கைக்குழந்தைகள் 1996இலும் 1998இலும் இறந்தன. அவரே சட்டத்தரணிதான். பிள்ளைகளைக் கொன்றதாக அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அவருடையதைப் போன்ற குடும்பமொன்றில் ஒரு குழந்தை காரணமின்றித் திடீரென இறப்பதற்கான வாய்ப்பு 8,543இல் ஒன்று, ஆகவே இரண்டு குழந்தைகள் அவ்வாறு இறப்பதற்கான வாய்ப்பு 7 கோடியே 30 இலட்சத்தில் ஒன்று என்று புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் ஒருவர் சாட்சியமளித்தார். எண்ணை எண்ணால் பெருக்கியிருந்தார், அவ்வளவுதான். ஒரே வீட்டில், ஒரே தாய் தந்தையருக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளின் உடலில் ஒரே பரம்பரைக் குறைபாடு இருந்திருக்கலாம் என்ற சாதாரண சந்தேகத்துக்கு அந்தப் பெருக்கலில் இடமில்லை. 1999இல் அந்தத் தாய் சிறைக்குப் போனார். 2001இல் பிரித்தானிய அரச புள்ளிவிபரவியற் சங்கம் அந்தக் கணக்கைப் பகிரங்கமாகக் கண்டித்தது. நீதிமன்றத்தில் வெளிப்படுத்தப்படாத கிருமியியற் பரிசோதனை முடிவுகள் வெளிவந்த பிறகு, 2003இல் தீர்ப்பு இரத்துச் செய்யப்பட்டது. நான்கு ஆண்டுகளில் அவர் இறந்துபோனார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் ஆய்வேட்டிலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்கள் தாய்மார்தான். அத்தானிடம் கேட்டுப் பாருங்கள்: நம் நாட்டில் 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டப்படி, சாதாரண சாட்சியானாலும் நிபுணரானாலும் குறுக்கு விசாரணைக்கு முகங்கொடுத்தே ஆகவேண்டும். திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கூட மறுத்துச் சொல்ல ஒரு தருணம் கிடைக்கிறது. கொழும்பில் தோட்டம் என்று அழைக்கப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் 120 தாய்மாருக்கு உங்கள் வினாக்கொத்தில் அந்தத் தருணம் எங்கே இருக்கிறது? "பிள்ளையின் கல்வியில் நீங்கள் எந்தளவுக்கு அக்கறை கொண்டிருக்கிறீர்கள்" என்று ஐந்து கட்டங்களைப் போட்டு ஒன்றில் அடையாளமிடச் சொல்வது விசாரணையாகாது. தீர்ப்பை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு கையொப்பம் வாங்குவதுதான் அது.

மாற்று விளக்கத்துக்குக் காது கொடுத்த ஆய்வுக்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. கடும் நச்சுத்தன்மை கொண்ட பீடைகொல்லிகள் 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் தடைக்குள்ளாயின. 2005 வரையிலான பத்தாண்டில் அந்த வீதம் ஏறக்குறைய அரைவாசியாக விழுந்தது. தடை வந்தது, மரணம் குறைந்தது என்று எழுதி முடித்திருக்கலாம். 2007இல் இதைப் பற்றிய ஆய்வை வெளியிட்டவர்கள் அப்படி முடிக்கவில்லை. வேலையின்மை குறைந்ததாலா, மதுப் பழக்கம் மாறியதாலா, விவாகரத்துகளின் போக்காலா, போர் நடந்த ஆண்டுகளுக்கும் இதற்கும் தொடர்புண்டா என்று தங்கள் முடிவைக் கவிழ்க்கக்கூடிய ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, அவை எதுவும் இந்த வீழ்ச்சியோடு பொருந்தவில்லை என்று கண்டார்கள். மருத்துவமும் சட்டமும் கைகோத்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்த இந்த வரலாற்றை நம் பாடசாலைகளில் எவரும் கற்பிப்பதில்லை. அது வேறு வருத்தம்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். என்னை வளர்த்தவர் என் பெரியம்மா. கொட்டாஞ்சேனைப் பக்கம், உங்கள் பாடசாலையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருந்தார். பிள்ளைகளின் தகப்பன்மார் பலர் துறைமுகத்திலும் பழைய சோனகத் தெருக் கடைகளிலும் மூட்டை சுமந்தவர்கள். எழுபதுகளின் முற்பகுதி அது; இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் துணிக்குப் பெரும் தட்டுப்பாடு. திங்கட்கிழமைகளில் வகுப்பில் பல வாங்குகள் வெறுமையாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை கூத்தும் குடியுமாகக் கழிகிறது, தாய்மாருக்கு அக்கறை இல்லை என்று ஆசிரியர் அறையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பெரியம்மா அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிக் கோடு கிழித்தார்.

இடாப்பில் வரவு மட்டுமே இருக்கும். அவருடைய கொப்பியில் பிள்ளையின் பெயர், கிழமை, முந்திய நாள் மழை பெய்ததா இல்லையா என்று மூன்று நிரல்கள் இருந்தன. மழையை எழுதும் பொறுப்பு என்னுடையது. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உறவினர் வீட்டுக்குப் போய் விளையாடிக் களைத்துத் திரும்பி, மழையைக் கவனிக்காமலே 'இல்லை' என்று எழுதிவிட்டேன். பெரியம்மா அன்று என்னைக் கண்டித்ததுபோல் அதற்கு முன்னும் கண்டித்ததில்லை, பின்னும் கண்டித்ததில்லை. "தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது. நீ எழுதுகிற பொய்யால் ஒரு பிள்ளையின் தாய்க்குக் கெட்ட பெயர் வரும்" என்றார். அந்த வரியை அழிக்கவும் விடவில்லை. மேலே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'தெரியாது' என்று என்னைக் கொண்டே எழுதுவித்தார்.

ஒரு தவணை முடிவில் மழைக்கும் திங்கட்கிழமைக்கும் உள்ள தொடர்பு கொப்பியில் தெரிந்தது. ஞாயிறு மழை பெய்தால் திங்களன்று வாங்குகள் வெறுமை. வேறொருவர் அந்த இடத்தில் மகிழ்ந்து நிறுத்தியிருப்பார். பெரியம்மா தன்னோடு தானே வழக்காடத் தொடங்கினார். மழைதான் தடுக்கிறது, வீதியில் வெள்ளம் நிற்கிறது என்றால் புதன்கிழமை மழைக்குப் பிறகு வியாழனன்றும் அவர்கள் வராமலிருக்க வேண்டுமே? கொப்பியைப் புரட்டினார். வியாழக்கிழமைகளில் பிள்ளைகள் வந்திருந்தார்கள். தகப்பனின் குடிதான் காரணம் என்றால் மழையில்லாத ஞாயிற்றுக்கு அடுத்த நாளும் வராமலிருக்க வேண்டுமே? அப்போதும் பெரும்பாலானோர் வந்திருந்தார்கள். அதன் பிறகுதான் வீடுகளுக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார். அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் ஒரு வெள்ளைச் சட்டையும் நீலக் காற்சட்டையும் புகையில் தொங்கியதை இன்றும் காண்கிறேன். பிள்ளைக்கு இருந்தது ஒரே ஒரு சீருடை. பொதுக் குழாயில் வரிசையில் நின்று தாய் அதைத் தோய்க்கக்கூடிய நாள் ஞாயிறு மட்டுமே. மழை பெய்தால் அது காயாது. ஈரச் சட்டையோடு பிள்ளையை அனுப்ப அந்தத் தாய்க்கு மனமில்லை. அசிரத்தை என்று ஆசிரியர் அறையில் சொல்லப்பட்டது அதைத்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரமே தோய்த்துப் போடும்படி பெரியம்மா கேட்டுக்கொண்டார். முடிந்தவர்கள் செய்தார்கள், வேலைக்குப் போன தாய்மார் சிலரால் முடியவில்லை. அவர்களின் பிள்ளைகள் உலர்ந்த வேறு உடையில் வரலாம் என்று அனுமதி கேட்டு அதிபரிடம் கொப்பியை எடுத்துச் சென்றார். இடாப்பு எழுதுவதற்குத்தான் சம்பளம், ஆராய்ச்சி செய்வதற்கல்ல என்று அந்த அதிபர் கொப்பியைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார். பெரியம்மா அதை எங்கும் வெளியிடவில்லை. அப்படி ஒரு வழி இருப்பதையே அவர் அறிந்திருக்கவில்லை. ஆனால் அவர் செய்ததும் ஓப்பெரா குழு செய்ததும் ஒரே காரியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் மாமாவிடம் இதை அப்படியே சொல்லுங்கள். அவர் நல்ல ஆய்வாளராக இருந்தால் மறுக்கமாட்டார்.

மாமாவின் சொல்லுக்காக மனம் சோர்ந்திருக்கும் உங்களைத் தேற்றத்தான் வேண்டும். பகல் முழுவதும் வகுப்பில் நின்றுவிட்டு இரவில் ஆய்வேடு எழுதும் ஒரு பெண்ணின் களைப்பு எனக்குத் தெரியும். அந்தக் களைப்பைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனாலும் தங்கை, அவர் சொன்னதில் பாதி சரி. வினாவே இல்லாமல் வினாக்கொத்தை அச்சுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். நாள்தோறும் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கும் வாய்ப்பு மாமாவுக்கோ அக்காவுக்கோ இல்லை, உங்களுக்கு மட்டுமே இருக்கிறது. அதை விட்டுவிட்டு எந்தக் கண்டியிலோ காலியிலோ எழுதப்பட்ட ஆய்வேட்டிலிருந்து 42 கேள்விகளைப் பெயர்த்தெடுத்து வந்திருக்கிறீர்கள் என்று அஞ்சுகிறேன். இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

அச்சகத்துக்கு நாளைக் காலையிலேயே தொலைபேசி எடுத்து வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு சென்ற தவணையின் இடாப்பை எடுத்து, எந்தப் பிள்ளை எந்த நாளில் வரவில்லை என்று கிழமை வாரியாகப் பிரித்துப் பாருங்கள். பெரியம்மாவின் விடை உங்களுக்கு உதவாது. இப்போது சீருடைத் துணியை அரசாங்கமே கொடுக்கிறது. உங்கள் பிள்ளைகளின் காரணம் வேறாக இருக்கும். வீடுகளுக்குப் போகும்போது கையில் படிவம் எதுவும் வேண்டாம்.

இன்னொன்றும் எழுத வேண்டும். பெரியம்மாவின் விளக்கத்துக்குள் அடங்காத இரண்டு சிறுமிகள் இருந்தார்கள். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் திங்களன்று அவர்கள் வருவதில்லை. அவர்களுடைய வீட்டைத் தேடிப் போவதற்குள் அந்தக் குடும்பம் இடம்மாறிவிட்டது. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அந்த இரண்டு பெயர்களையும் தனியே எழுதி, கீழே 'காரணம் தெரியாது' என்று குறித்து வைத்திருந்தார். உங்கள் ஆய்வேடு முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். அதில் அப்படி ஒரு பக்கம் இருந்தால், கூலி வாங்காமல் மொழி திருத்தித் தருகிறேன்.

அன்புடன்.