அம்மாவிடம் முதலில் எதைச் சொல்வது?

கேள்வி: கிளிநொச்சியில் இருந்தபடி ஒன்லைனில் வேலை செய்கிறேன். இரண்டு வருடமாகக் கொஞ்சம் பிட்கொயின் என்கிற டிஜிட்டல் காசு வைத்திருக்கிறேன். அம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் விளங்கப்படுத்தப் போனால், "உதுவும் சீட்டுக் கம்பனி மாதிரித்தான்" என்று எழும்பிப் போகிறார்கள். சிறுபோக நெல் விற்ற காசில் அவர்களும் கொஞ்சம் போட்டால் நல்லதென்று நினைக்கிறேன். எப்படித் தொடங்குவது?

பதில்: தம்பி, நெல் விற்ற காசை விட்டுவிடுங்கள். காலபோகத்துக்கு விதைநெல், உரம், உழவுக் கூலி எல்லாம் அதில்தான் வரவேண்டும். 2021 நவம்பரில் 69,000 டொலர் வரை போன பிட்கொயின் அடுத்த நவம்பரில் 16,000 டொலரளவில் நின்றது, விதைப்பு நடக்கிற அந்த மாதத்தில் காசை வெளியே எடுக்கவேண்டி வந்திருந்தால் வயல் தரிசாகத்தான் கிடந்திருக்கும்.

அவர்கள் பயப்படுவதும் சரிதான். போர் முடிந்த பிறகு வன்னியில் வீடு தேடி வந்து கடன் கொடுத்த கம்பனிக்காரர்களைக் கண்டவர்கள் அவர்கள். கிரிப்டோ, அதாவது பிட்கொயின் மாதிரியான டிஜிட்டல் காசு, என்று சொல்லி ஆள்சேர்க்கிற பிரமிட் திட்டங்களும் இந்த நாட்டில் ஓடின. மத்திய வங்கி பலமுறை எச்சரித்திருக்கிறது, வங்கி அட்டையால் இதை வாங்க அனுமதியில்லை என்றும் அறிவித்திருக்கிறது. இதையெல்லாம் அவர்கள் கேட்க முதல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

விளக்கம் கேட்டால் மாதர் சங்கக் கணக்குக் கொப்பியை வைத்துச் சொல்லலாம். பொருளாளர் கையில் ஒரே கொப்பி இருந்தால் அவர் திருத்தலாம், ஒவ்வொரு அங்கத்தவரிடமும் ஒரு பிரதி இருந்தால் தனியாளாக ஒருவர் திருத்த ஏலாது. பிட்கொயினும் அப்படித்தான், 2009 முதல் உலகம் முழுக்கப் பல ஆயிரம் கணினிகளில் இருக்கிற ஒரே கணக்கு. அவ்வளவு போதும்.

ஆனால் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறு. அவர்கள் காசு போடத் தேவையில்லை, உங்களிடம் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். என் அம்மா 2009இல் சட்டி பானையெல்லாம் விட்டுவிட்டுக் காணி உறுதியை மட்டும் சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தவ. உங்கள் அம்மாவுக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். உறுதி தொலைந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். உங்கள் பிட்கொயின் பணப்பையைத் திறக்கிற 12 அல்லது 24 சொற்கள் தொலைந்தால், நாளைக்கு உங்களுக்கு ஒன்று நடந்தால், எந்தக் கந்தோருக்குப் போயும் பயனில்லை. அந்தச் சொற்களைக் கடதாசியில் எழுதி, உறுதி இருக்கிற பெட்டியிலேயே அம்மாவைக் கொண்டு வைப்பியுங்கள். ஃபோனில் யார் கேட்டாலும், வங்கியென்று சொன்னாலும், வாசித்துக் காட்டக் கூடாது என்பதையும் அன்றைக்கே சொல்லுங்கள்.

இதில் எவ்வளவு நட்டப்பட்டாய் என்று பெரியப்பா கட்டாயம் கேட்பார். உள்ள தொகையைச் சொல்லுங்கள்.