பேக் பட்டன் ஏன் வழியை மறக்கிறது?

கேள்வி: விக்கிப்பீடியாவில் கல்லணை பற்றிப் படிக்க உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் எங்கோ போய் நிற்கிறேன். பேக் பட்டனை எத்தனை தடவை தட்டினாலும் நடுவில் பார்த்த சில பக்கங்கள் வருவதே இல்லை. மறதி எனக்கா, கணினிக்கா?
– பள்ளி ஆசிரியை, மன்னார்குடி

பதில்: கணினிக்குத்தான். கல்லணையிலிருந்து ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், அங்கிருந்து கோதாவரியின் தவளேசுவரம் அணை என்று போகிறீர்கள். இரண்டு தடவை பேக் தட்டிக் கல்லணைக்கே வந்து, இப்போது கரிகாலன் பக்கத்தைத் திறக்கிறீர்கள். அந்த நொடியே காட்டனும் தவளேசுவரமும் பேக் பட்டியலிலிருந்து போய்விடும். பேக் பட்டனை அழுத்திப் பிடித்துப் பாருங்கள், கல்லணை மட்டும்தான் இருக்கும். நீங்கள் போனது வெண்ணாறு, வெட்டாறு மாதிரி பிரிந்து பிரிந்து. பிரவுசர் வைத்திருப்பதோ ஒரே வாய்க்கால். புதுக் கிளை பிரிந்ததும் பழையதை அடைத்துவிடுகிறது. கன்ட்ரோல்-எச் தட்டினால் வரும் ஹிஸ்டரியில் அந்தப் பக்கங்கள் இருக்கும். ஆனால் நேர வரிசையில்தான். எதிலிருந்து எது பிரிந்தது என்று தெரியாது.

1945-இல் அமெரிக்கப் பொறியாளர் வன்னேவர் புஷ், ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் படிக்கும் கருவியைக் கற்பனை செய்தபோது, வாசகர் நடந்த தடத்துக்கே பெயர் வைத்துச் சேமிக்கலாம் என்றார். இன்றைய இணையம் அந்த இணைப்பை எடுத்துக்கொண்டது, தடத்தை விட்டுவிட்டது. 1987-இல் வந்த ஆப்பிளின் ஹைப்பர்கார்டு (பக்கங்களை அட்டைகளாக்கி இணைக்கும் மென்பொருள்) கூட, கடைசியாகப் பார்த்த 42 அட்டைகளைச் சின்னச் சின்னப் படங்களாகக் காட்டியது. தலைப்பு மறந்தாலும் பக்கத்தின் தோற்றம் நினைவிருக்கும் அல்லவா?

நீங்கள் செய்ய வேண்டியது: தொடங்கிய பக்கத்தை நகர்த்தவே கூடாது. விண்டோஸ் விசையோடு இடது அம்புக்குறியைத் தட்டி அதைத் திரையின் இடப்பாதியில் நிறுத்துங்கள். இன்னொரு பிரவுசர் ஜன்னலை வலப்பாதியில் வையுங்கள். இடப்பக்கத்து இணைப்பை மவுஸால் இழுத்து, வலது ஜன்னலின் டேப் வரிசையில் காலியாக உள்ள இடத்தில் விடுங்கள். ஏற்கெனவே இருக்கும் டேப்பின் மேலேயே விட்டால் அந்தப் பக்கம் போய் இது வந்து உட்காரும். பலர் தடுமாறுவது இங்கேதான்.

1366 பிக்சல் லேப்டாப்பில் ஆளுக்கு 683 பிக்சல்தான் கிடைக்கும். பல தளங்கள் அந்த அகலத்தில் மொபைல் வடிவத்துக்கு மாறி, ஓரத்துப் பட்டியலை மறைத்துவிடும். ஜூமை 80 சதவீதமாகக் குறைத்தால் தளத்துக்குச் சுமார் 854 பிக்சல் இருப்பதாகத் தெரியும், பட்டியல் பெரும்பாலும் திரும்பிவிடும். ஆனால் பிரவுசர் ஜூமைத் தளவாரியாக நினைவில் வைப்பதால், இருபக்கமும் விக்கிப்பீடியா என்றால் இரண்டு எழுத்தும் சேர்ந்தே சுருங்கும். கண் வலிக்கிறதென்றால் ஜூமை விட்டுவிட்டு, நடுக்கோட்டை நகர்த்தி வலப்பக்கத்தை அகலமாக்குங்கள்.

பயர்பாக்ஸ் வைத்திருந்தால் ‘ட்ரீ ஸ்டைல் டேப்’ ஆட்-ஆன் போதும். மவுஸ் சக்கரத்தை அழுத்தித் திறக்கும் பக்கம் தாய்ப் பக்கத்துக்குக் கீழே உள்தள்ளி நிற்கும். சாதாரணமாகக் கிளிக் செய்தால் கிளை உருவாகாது.

கேள்வி: நெல் சாகுபடி பற்றி 60 பக்க இணையக் கையேடு செய்கிறேன். படித்துப் பார்த்தவர்கள் வழி தெரியவில்லை என்கிறார்கள்.
– கல்லூரி மாணவர், கும்பகோணம்

பதில்: ஒவ்வொரு இணைப்பையும் புது டேப்பில் திறக்க வைத்திருந்தால் முதலில் அதை எடுங்கள். புது டேப்பில் பேக் பட்டன் செத்துக் கிடக்கும். வந்தவர் சுவரில் முட்டிக்கொள்வார். அடுத்து, இரண்டு வரி விளக்கத்துக்குத் தனிப்பக்கம் வேண்டாம். ‘ஆடுதுறை 43’ என்பதைத் தட்டினால் அதே இடத்தில் ‘சுமார் 110 நாள் வயதுள்ள குறுகிய கால ரகம்’ என்று விரியட்டும். எச்.டி.எம்.எல்-இன் ‘டீடெய்ல்ஸ்’ டேக் இதற்கென்றே இருக்கிறது. பார்த்த இணைப்பின் நிறம் மாறுவதை அழகுக்காக அழிக்காதீர்கள். ‘இங்கே கிளிக் செய்யவும்’ என்று எழுதாமல் ‘தாளடிக்கான நாற்றங்கால்’ என்று எழுதினால், உள்ளே போகலாமா வேண்டாமா என்று போகும் முன்பே முடிவுசெய்துகொள்வார்கள்.

கேள்வி: கரண்ட் போனால் திறந்து வைத்த அத்தனை டேப்பும் போய்விடுகிறது.
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: பிரவுசரைத் திறந்ததும் கன்ட்ரோல்-ஷிப்ட்-டி தட்டுங்கள். செட்டிங்ஸில் ‘விட்ட இடத்திலிருந்து தொடர்க’ என்பதையும் தேர்ந்தெடுத்து வையுங்கள். இன்காக்னிட்டோவில் திறந்தவை திரும்பாது.