பக்தி கூடினால் பேய்ப் பயம் குறையுமா?

கேள்வி: ஐயா, என் அம்மா தினமும் கோயிலுக்குப் போவார். ஆனால் உச்சிவேளையில் புளியமரத்தடியில் நிற்க விடமாட்டார். இவ்வளவு பக்தி இருந்தும் ஏன் இந்தப் பயம்?

பதில்: பக்தி இருந்தால் பேய் நம்பிக்கை போய்விடும் என்று நம் மரபு எங்கும் சொல்லவில்லை. காரைக்கால் அம்மையார் பேய் வடிவத்தையே சிவனிடம் கேட்டுப் பெற்றார். கந்த சஷ்டி கவசத்தில் பில்லி, சூனியம், கொள்ளிவாய்ப் பேய் என்று வரிசையாக வரும். அவை உண்டு, முருகன் பெயரைக் கேட்டால் ஓடும், அவ்வளவுதான். அம்மாவிடம் முரண்பாடு எதுவும் இல்லை.

கேள்வி: அப்படியானால் பக்தி அதிகமானவர்களுக்கு ஜோதிட நம்பிக்கையும் அதிகமாகத்தானே இருக்கும்?

பதில்: இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குக் கிளம்பிய சம்பந்தரிடம், கோள்நிலை சரியில்லை என்று அப்பர் தடுத்தார். அதற்குப் பதிலாக வந்ததுதான் கோளறு பதிகம். ஞாயிறு, திங்கள், செவ்வாய் முதல் பாம்பிரண்டும் (ராகு, கேது) வரை எல்லாம் அடியாருக்கு நல்லவையே என்கிறார். கோளுக்குச் சக்தி இல்லை என்று அவர் சொல்லவில்லை. சிவனை உள்ளத்தில் வைத்தவரிடம் அது செல்லாது என்கிறார். இன்று அதே பதிகத்தைக் கிரக தோஷப் பரிகாரமாகப் படிக்கச் சொல்கிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. பயத்தைத் துரத்தப் பாடியதை, பயந்துகொண்டே பாடுகிறோம்.

2010இல் பேக்கர், டிரேப்பர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவைப் பற்றி எழுதிய கட்டுரையும் இங்கே உதவும். மத ஈடுபாடு மிக அதிகமாக உள்ளவர்களும் மிகக் குறைவாக உள்ளவர்களும் ஆவி, ஜோதிடம் போன்றவற்றை அவ்வளவாக நம்பவில்லை. இடைப்பட்டவர்களிடம்தான் அந்த நம்பிக்கை அதிகம். ஆனால் அதை நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது. அங்கே பல கிறிஸ்தவ சபைகள் ஜோதிடத்தை விலக்கப்பட்டதாகவே சொல்கின்றன. இங்கே சிவன் கோயிலுக்குள்ளேயே நவக்கிரக சந்நிதி இருக்கிறது.

கேள்வி: நான் முஸ்லிம். ஜின்னை நம்புகிறேன், தாயத்தை நம்பவில்லை. இது சரியா?

பதில்: குர்ஆனின் 72ஆம் அத்தியாயத்தின் பெயரே அல் ஜின். தாயத்து கட்டலாமா என்பதில் முஸ்லிம்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அங்கே கேள்வி ஜின் இருக்கிறதா என்பதல்ல, பாதுகாப்பை யாரிடம் கேட்பது என்பது. உங்கள் நிலையில் தடுமாற்றம் தெரியவில்லை.

கேள்வி: கடவுள் இல்லை என்கிற நண்பன், பூனை குறுக்கே போனால் நிற்கிறானே?

பதில்: சின்ன வயதில் வீட்டில் நின்று பழகிய கால் அது. கொள்கை மாறிய பிறகும் பழக்கம் மாற நாளாகும்.

கேள்வி: முதலில் கேட்டவன்தான் ஐயா. சரி, அம்மாவிடம் நான் என்ன சொல்வது?

பதில்: எதையும் சொல்லித் திருத்த வேண்டாம், தம்பி. அந்த மரத்தைப் பற்றி முதலில் சொன்னது யார் என்று கேளுங்கள். பல ஊர்களில் இப்படிப்பட்ட மரத்துக்குப் பின்னால் அகாலமாகப் போன ஒருவரின் கதை இருக்கும். அவர் பெயர் அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம்.