இரவில் யார் எழுந்திருக்கிறார்கள்?

வணக்கம் ஐயா,

எனக்கு 44 வயது. சென்னையில் ஐடி வேலை, டீம் லீட். போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார்கள். மாதம் இரண்டு முறை வெள்ளி இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் போய்விட்டு, திங்கள் காலை தாம்பரத்தில் இறங்கி, குளித்துவிட்டு ஆபீஸ். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், "நீ எப்பவும் ஊர்லதான் இருக்கே" என்கிறாள். பெங்களூரில் இருக்கும் தம்பி பணம் அனுப்புகிறான், வருவதில்லை. அம்மா சமாளித்துக்கொள்கிறார். வேலையை விட்டுவிடட்டுமா? அப்பாவைச் சென்னைக்குக் கூட்டி வரலாமா? எதையும் ஒழுங்காகச் செய்யவில்லை என்ற குற்றவுணர்வு தூங்க விடவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் வேலை, மகள், தம்பி, ரயில் எல்லாம் அதில் இருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் இரண்டே வார்த்தை. அதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது.

என் அப்பா மூன்று வருஷம் படுக்கையில் கிடந்தார். நானும் சனி ஞாயிறுகளில் ஊருக்குப் போவேன். முகம் மழித்து, நகம் வெட்டிவிட்டு, கடமையைச் செய்துவிட்டதாக நினைத்துத் திரும்புவேன். அப்பாவால் சத்தமாகக் கூப்பிட முடியாது. அதனால் அம்மா பழைய புடவை ஒன்றின் கரையைக் கிழித்து, ஒரு முனையை அவர் கையிலும் மறுமுனையைத் தன் கையிலும் கட்டிக்கொண்டு தரையில் படுப்பார். ஒருநாள் அம்மாவுக்குக் காய்ச்சல். அன்று அதை என் கையில் கட்டிக்கொண்டேன். பதினொரு மணிக்கு ஓர் இழுப்பு, தண்ணீர். பன்னிரண்டரைக்குச் சிறுநீர். அப்புறம் திரும்பிப் படுக்க வேண்டும், போர்வை விலகிவிட்டது, மறுபடி சிறுநீர். விடிவதற்குள் ஆறு முறை எழுந்தேன். அம்மாவுக்கு அப்போது 69 வயது. அப்பாவுக்கு முன்னால் அம்மா போய்விட்டார்.

அதனால் சொல்கிறேன், வேலையை விட வேண்டாம். அந்தச் சம்பளம் இல்லாமல் இன்னொரு ஆளை வைக்க முடியாது. சென்னைக்குக் கூட்டி வருவதை அப்பாவிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தெரு தெரிந்த மனிதரை அடுக்குமாடி அறைக்குள் கொண்டு வந்து வைப்பது சின்ன விஷயம் இல்லை. அதைவிட அவசரம் அம்மாவின் தூக்கம். தம்பி அனுப்பும் பணத்தில் முதலில் இரவுக்கு ஓர் ஆளைப் போடுங்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள். 2021 முதல் நடக்கும் திட்டம் அது. பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள், பிசியோதெரபியும் வீட்டிலேயே உண்டு. அவர்கள் வரும்போது அம்மாவின் பிரஷரையும் பார்க்கச் சொல்லுங்கள். தன்னுடையதை அவராகச் சொல்ல மாட்டார்.

தம்பியிடம் கோபப்படாமல், ஆனால் கண்டிப்பாகப் பேசுங்கள். 2007-இல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம்கூட உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் என்றுதான் பராமரிப்பை வரையறுக்கிறது. இரவில் கண்விழிப்பது அந்தப் பட்டியலில் இல்லை. பணம் அனுப்பினால் போதும் என்று பிள்ளைகள் நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. இரண்டு முறையில் ஒரு முறை அவர் போகட்டும், அந்த சனி ஞாயிறு உங்கள் மகளுக்கு.

குற்றவுணர்வு பற்றி ஒன்று. பிரசவத்துக்கு 26 வாரம் விடுப்பு தரச் சட்டம் இருக்கிறது. படுத்துவிட்ட அப்பாவைப் பார்க்கத் தனியார் கம்பெனி இத்தனை நாள் விடுப்பு தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நாடே யோசிக்காமல் விட்ட இடத்தில் நீங்கள் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இது உங்கள் குறை இல்லை.

அடுத்த முறை போகும்போது சனி இரவு அப்பாவின் கட்டில் பக்கத்தில் நீங்கள் படுங்கள். அம்மாவை உள் அறையில் படுக்கச் சொல்லிக் கதவைச் சாத்துங்கள். காலையில் அவராக எழுந்து வரும்வரை எழுப்பாதீர்கள்.