தங்குமிடத்தில் மிச்சம் பிடித்து ஷாப்பிங் செய்யலாமா?

கேள்வி: வணக்கம் சார். குடும்பத்தோடு முதல் முறையாக வெளிநாடு போகிறோம். நான், கணவர், 13 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள், மூட்டு வலி உள்ள மாமியார் என ஐந்து பேர், 7 இரவுகள். விமான டிக்கெட், விசா எல்லாம் எடுத்தாயிற்று. அங்கே தங்க, சாப்பிட, சுற்றிப் பார்க்க, பொருள் வாங்க என்று ஒரு தொகையைச் சேர்த்து வைத்திருக்கிறோம். "ராத்திரி படுக்கத்தானே ரூம், ஊருக்கு வெளியே மலிவாகப் போட்டுவிட்டு மிச்சப் பணத்தில் நன்றாக ஷாப்பிங் செய்வோம்" என்கிறார் கணவர். எனக்கு இடங்களைப் பார்ப்பதில்தான் ஆசை. இந்தப் பணத்தை எப்படிப் பிரிப்பது? ரொக்கம் எவ்வளவு வேண்டும், கார்டு மட்டும் போதுமா?

பதில்: சேர்த்து வைத்த பணத்தில் போகிறீர்கள், கிளம்புவதற்கு முன்பே கேட்கவும் செய்கிறீர்கள், இதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. எந்த ஊர், எவ்வளவு தொகை என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் உங்களிடம் இருப்பதை 100 என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன், உங்கள் தொகைக்கு ஏற்ப நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவரின் யோசனையை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் மற்ற எல்லாச் செலவும் அதில்தான் தொங்குகிறது. ஊருக்கு வெளியே ஒரு இரவுக்கு 5, நகரத்தின் நடுவில் 7 என்று வாடகை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 இரவுக்கு 35, 49. வித்தியாசம் 14, பார்த்தால் பெரிய மிச்சம்தான். ஆனால் ஐந்து பேரும் தினமும் உள்ளே வந்து திரும்பிப் போக ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ டிக்கெட் எடுக்க வேண்டும், அது நாளுக்கு 0.8 ஆகட்டும். மாமியாருக்கு மூட்டு வலி என்கிறீர்கள், ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு அவர் மறுபடி படி ஏறி இறங்க மாட்டார், டாக்ஸிதான், அதற்கு 0.9. மதியம் அறைக்குப் போய் ஒரு மணி நேரம் கால் நீட்டிவிட்டு வர வழியில்லாததால் எங்காவது கடையில் உட்கார வேண்டும், சும்மா உட்கார விடமாட்டார்கள், ஐந்து பேரும் ஏதாவது வாங்குவீர்கள், 0.5. ஆக நாளுக்கு 2.2. வெளியே சுற்றும் ஆறு நாளுக்கு 13.2. 14-இல் மிச்சம் 0.8! இதற்காகத் தினமும் போக வர ஒன்றரை மணி நேரம் போகிறது, ஆறு நாளில் ஒன்பது மணி நேரம், அதாவது சுற்றிப் பார்க்கும் ஒரு முழுப் பகல்.

இவை நான் எடுத்துக்கொண்ட எண்கள், நீங்கள் போகும் ஊரின் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் கணக்குப் போடும் முறை இதுதான். ரூம் வாடகையை ரூம் வாடகையோடு ஒப்பிடாதீர்கள், அந்த ரூமில் தங்கினால் ஒரு நாளுக்கு மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று ஒப்பிடுங்கள். தனியாகப் போகிற இளைஞருக்கு உங்கள் கணவர் சொல்வது சரியாகக்கூட வரும். ஐந்து பேருக்கு எல்லாம் ஐந்தால் பெருகும், அதுதான் சிக்கல்.

அதற்காக நடு ஊரில், பேர் பெற்ற சதுக்கத்தைப் பார்த்தபடி ரூம் போடச் சொல்லவில்லை. இரண்டுக்கும் இடையில் ஒன்று உண்டு, நான் எப்போதும் சொல்வது அதைத்தான்: அந்த ஊர்க்காரர்கள் குடியிருக்கிற பகுதி, நீங்கள் பார்க்கப்போகும் இடங்களுக்கு ரயில் மாறாமல் போகக்கூடிய தடம், ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடை. வாடகை 5.8 அளவுக்கு இருந்தாலும் 7 இரவுக்கு 41-க்குள் முடிந்துவிடும். பதிவு செய்யும் முன் மூன்றைப் பாருங்கள். ஸ்டேஷனில் லிஃப்ட் இருக்கிறதா, தங்கும் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறதா (பழைய நகரங்களில் பல கட்டடங்களில் நான்காவது மாடி வரை படிதான்), அறையில் ஃபிரிட்ஜும் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலும் உண்டா. மாமியார் மாத்திரை போட நேரத்துக்கு ஏதாவது சாப்பிட வேண்டும், பிள்ளைகளுக்கு ராத்திரி பத்து மணிக்குப் பசிக்கும், ஃபிரிட்ஜில் பாலும் பழமும் இருந்தால் அந்த நேரத்தில் கடை தேடி ஓட வேண்டாம்.

இன்னொன்று. பதிவு செய்யும் இணையதளத்தில் காட்டும் வாடகையே கடைசி வாடகை என்று நினைக்காதீர்கள். ரோம், பாரிஸ், பார்சிலோனா போன்ற நகரங்களில் சுற்றுலாப் பயணிகளிடம் இரவுக்கு இவ்வளவு என்று தனி வரி உண்டு, பல ஹோட்டல்களில் அதை நேரில்தான் கேட்பார்கள். ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் இது அறை வாடகையில் 12.5 சதவீதம். அமெரிக்க ஹோட்டல்களில் ரிசார்ட் கட்டணம் என்று ஒன்றைக் கடைசியில் சேர்ப்பது பெரிய தொல்லையாக இருந்தது. கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும் என்ற விதி அங்கே 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. எங்கே போனாலும் "அங்கே செலுத்த வேண்டியது" என்று சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு அதையும் வாடகையோடு கூட்டுங்கள். வயதானவர் கூட வருவதால், பணம் திரும்பக் கிடைக்காத மலிவு பதிவு உங்களுக்கு வேண்டவே வேண்டாம். கொஞ்சம் கூடினாலும் ரத்து செய்யக்கூடியதை எடுங்கள்.

இப்போது கார்டும் ரொக்கமும். இங்கேதான் யார் கண்ணிலும் படாமல் பணம் கசிகிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வெளிநாட்டுக் கடையில் கார்டைத் தேய்த்ததும் கையில் இருக்கும் மெஷின் சில நேரம் ஒரு கேள்வி கேட்கும். திரையில் இரண்டு தொகை வரும், ஒன்று அந்த நாட்டுப் பணத்தில், இன்னொன்று நம் நாட்டுப் பணத்தில். நம் பணத்தில் காட்டுவது பழகின எண் என்பதால் மனசுக்கு நிம்மதியாக இருக்கும், பலர் அதையே அழுத்திவிடுவார்கள். அழுத்தக்கூடாது. அந்த மாற்று விகிதத்தைப் போடுவது உங்கள் வங்கி இல்லை, கடைக்காரருக்கு மெஷின் கொடுத்த நிறுவனம். பெரும்பாலும் 3 முதல் 8 சதவீதம் வரை, சில இடங்களில் அதற்கு மேலும் ஏற்றி வைத்திருப்பார்கள். எப்போதும் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். தேர்வு செய்யும் உரிமை உங்களுக்குத்தான் என்பது விசா, மாஸ்டர்கார்டு என்ற இரண்டு கார்டு நிறுவனங்களின் விதியிலும் இருக்கிறது. கடைக்காரர் தானாகவே நம் பணத்தில் போட்டுவிட்டால், கையெழுத்துக்கோ பின் நம்பருக்கோ முன்பே "ரத்து செய்து மறுபடி போடுங்கள்" என்று கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், ஆனால் இன்னும் பயமுறுத்துகிற மாதிரி. "இந்த விகிதத்தை ஏற்கிறீர்களா, நிராகரிக்கிறீர்களா" என்று கேட்கும். நிராகரித்தால் பணமே வராதோ என்று தோன்றும். வரும். உங்கள் வங்கியின் விகிதத்தில் வரும். பணம் எடுக்க டெபிட் கார்டையோ, முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டையோ பயன்படுத்துங்கள். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் எடுத்த அன்றிலிருந்தே வட்டி ஓடும். எடுக்கும் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் இருப்பதால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காமல் இரண்டே தடவையில் எடுத்துவிடுங்கள்.

நம் வங்கியும் சும்மா இருக்காது, வெளிநாட்டுச் செலவுக்கு 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணம் போடுவது பல கார்டுகளில் உண்டு. கிளம்பும் முன் வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு போன் போட்டு மூன்று கேளுங்கள்: வெளிநாட்டுக் கட்டணம் எவ்வளவு, ஏடிஎம் கட்டணம் எவ்வளவு, வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா. இரண்டு கார்டு எடுத்துப் போங்கள், ஒன்று உங்களிடம், மற்றது கணவரிடம். ஒரே பர்ஸில் இரண்டும் இருந்து அது தொலைந்தால் ஐந்து பேரும் நடுத்தெருவில்.

ரொக்கம் 100-இல் 15 வரை போதும், அதில் பாதியை இங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் "கமிஷன் இல்லை" என்ற பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம், கமிஷன் விகிதத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பணம் மாற்றும் கவுன்டரில் வாங்கும் விலை, விற்கும் விலை என்று இரண்டு எண் போட்டிருப்பார்கள் இல்லையா, இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு அதிகமோ அவ்வளவு உங்கள் நஷ்டம். செக் குடியரசில் இந்தத் தொல்லை எல்லை மீறிப்போய் 2019-இல் சட்டமே மாற்றினார்கள், 1,000 யூரோ மதிப்பு வரை மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்து திரும்ப வாங்கலாம் என்று. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை, மாற்றும் முன் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

ஹோட்டலில் சேரும்போது கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். அது செலவு இல்லை, முடக்கம். டெபிட் கார்டு கொடுத்தால் உங்கள் சொந்தப் பணம் முடங்கும், வெளியேறிய பிறகும் விடுபடச் சில நாளாகும், நடுப்பயணத்தில் கை கட்டின மாதிரி ஆகிவிடும். அதற்கு மட்டும் கிரெடிட் கார்டைக் கொடுங்கள்.

சரி, நீங்கள் ஆசைப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். இடங்களைப் பார்க்க 12 ஒதுக்குங்கள், அதில் கை வைக்க யாரையும் விடாதீர்கள். இவ்வளவு செலவழித்து அங்கே போவதே அதற்குத்தானே! 12 போதுமா என்றால், திட்டமிட்டால் போதும். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கும், வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கும் நுழைவுக் கட்டணமே கிடையாது. மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகம் மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் இலவசம். நீங்கள் போகும் ஊரிலும் இப்படி ஏதாவது இருக்கும், அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்திலேயே போட்டிருப்பார்கள். விடுமுறை நாளையும் அங்கேயே பாருங்கள். பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், ஓர்சே அருங்காட்சியகம் திங்கட்கிழமை. இதைப் பார்க்காமல் போய்க் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் நிறைய.

டிக்கெட்டை அந்தந்த இடத்தின் சொந்தத் தளத்தில்தான் வாங்க வேண்டும், தேடியதும் முதலில் வருகிற விளம்பரத் தளத்தில் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் வீட்டுக்கு (நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்து டைரி எழுதிய யூதச் சிறுமியின் மறைவிடம்) டிக்கெட் இணையத்தில் மட்டும்தான், ஆறு வாரத்துக்கு முன்பே செவ்வாய்க்கிழமைகளில் விற்பனையைத் திறப்பார்கள். தவறவிட்டவர்கள் இடைத்தரகரிடம் வழிகாட்டியோடு சேர்ந்த ஏதோ ஒரு சுற்றுலாவை அதிக விலைக்கு வாங்குகிறார்கள், அதில் சில வீட்டுக்குள்ளேயே போகாது. நகரப் பாஸ் என்று மொத்தமாக விற்பதை வாங்கும் முன் நீங்கள் நிஜமாகப் போகப்போகும் இடங்களின் தனி டிக்கெட் விலையைக் கூட்டிப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் பல இடங்களில் ஏற்கெனவே இலவசமாகவோ பாதி விலையாகவோ இருக்கும், அவர்களுக்கும் சேர்த்துப் பாஸ் எடுத்தால் நஷ்டம்.

சாப்பாட்டுக்கு 20. காலை உணவு சேர்ந்த வாடகையா இல்லாததா என்பதை ஐந்து பேருக்கும் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். நல்ல உணவகத்துக்குப் போக வேண்டும் என்றால் மதியம் போங்கள், அதே சமையல்காரரின் மதியச் செட் சாப்பாடு ராத்திரியை விடப் பல ஊர்களில் நன்றாகவே மலிவு. பெரிய நினைவுச்சின்னத்தின் வாசலில் சாப்பிடாமல் இரண்டு தெரு உள்ளே நடந்தால் விலை இறங்கும். மெனுவில் மீனுக்கோ இறைச்சிக்கோ எதிரே இருக்கும் விலை ஒரு தட்டுக்கா, 100 கிராமுக்கா என்று பாருங்கள், பில்லைப் பார்த்து அதிர்ந்தவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டுகிறார்கள். சேவைக் கட்டணம் பில்லிலேயே இருந்தால் மேலே டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

உள்ளூர்ப் போக்குவரத்துக்கு 9.

ஷாப்பிங்குக்கு 8. உங்கள் கணவருக்கு இது வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் விளக்கினால் புரிந்துகொள்வார். அவர் வாங்க நினைக்கும் பொருள்களின் பட்டியலை இப்போதே எழுதச் சொல்லி, நம் ஊரில் அதே பொருள் என்ன விலை என்று பக்கத்தில் எழுதுங்கள். வெளிநாட்டில் மலிவு என்று நினைக்கும் பலதும் அங்கே ஒன்றும் மலிவாக இருக்காது. பல நாடுகளில் சுற்றுலாப் பயணிக்கு விற்பனை வரியைத் திருப்பித் தருகிறார்கள், எல்லா நாட்டிலும் இல்லை, பிரிட்டனின் பெரும்பகுதியில் 2021 தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் உண்டு, ஆனால் வாங்கிய பொருளுக்கு மட்டும், ஹோட்டலுக்கும் சாப்பாட்டுக்கும் இல்லை. ஒரே கடையில் குறைந்தபட்சத் தொகைக்கு வாங்க வேண்டும், கடையிலேயே பாஸ்போர்ட் காட்டிப் படிவம் வாங்க வேண்டும், விமான நிலையத்தில் பெட்டியைப் போடுவதற்கு முன் சுங்கத்தில் காட்ட வேண்டும். பெட்டியைப் போட்டுவிட்டு வரிசைக்குப் போனால், "பொருளைக் காட்டுங்கள்" என்று கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது. வரியைத் திருப்பித் தரும் வேலையைச் செய்கிற இடை நிறுவனமும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும், ஆகவே வரி சதவீதம் முழுதாக உங்கள் கைக்கு வராது. கூடுதல் எடைக்கு விமான நிறுவனம் கேட்கும் கட்டணத்தையும், திரும்பி வரும்போது நம் சுங்க வரம்பையும் அந்தப் பட்டியலிலேயே எழுதி வையுங்கள்.

தங்க 41, சாப்பிட 20, இடங்களைப் பார்க்க 12, போக்குவரத்துக்கு 9, ஷாப்பிங்குக்கு 8 போக மீதி 10. இதைத் தொடாதீர்கள், காய்ச்சல், தொலைந்த போன், தவறவிட்ட ரயில் என்று ஏதாவது வரும். மருத்துவக் காப்பீடு இந்த 10-இல் சேராது, கிளம்பும் முன்பே தனியாக எடுத்துவிடுங்கள். மாமியாரின் மூட்டு வலியையும் அவர் சாப்பிடும் மாத்திரைகளையும் மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் தேவைப்படும் நேரத்தில் கிளெய்மை மறுத்துவிடுவார்கள். கடைசி நாள் சாயங்காலம் வரை அந்த 10 அப்படியே இருந்தால் அதில் 5-ஐ உங்கள் கணவர் கையில் கொடுங்கள், மனசாரக் கொடுங்கள், ஷாப்பிங்கும் பயணத்தின் சந்தோஷம்தான்.

திரும்பி வந்ததும் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு மாதம் வரை கார்டு அறிக்கையோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஹோட்டல் பிடித்து வைத்த தொகை இரண்டு வாரத்துக்கு மேலும் விடுபடாமல் நின்றால் ஹோட்டலின் கடைசி பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வங்கிக்குப் போன் செய்யுங்கள்.